சூதினால் ஊர் செழிக்குமா?



தருமரும் நளனும் சூதினால் நாடிழந்தமை நாம் அறிந்ததே. ஆயினும், கொழும்பிலும் கசினோக்கள் இயங்கும் இக்காலத்தில், "சூதினால் வேலை பெருகும், வரி சேரும்" என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை ஓர் ஊரின் வரலாறு கொண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள அத்திலாந்திக் சிற்றி, உல்லாசப் பயணிகளின் வரவு குறைந்து நலிந்த கடற்கரைப் பட்டினம். அதனை உயர்த்தக் கருதி, 1976இல் மாநில மக்கள் வாக்களித்து அங்கே கசினோவை அனுமதித்தனர். 1978இல் முதற் கசினோ திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை பெற்றனர், வரியும் சேர்ந்தது. இதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் உணவு, உறையுள், களியாட்டம் யாவும் கசினோவின் சுவர்களுக்குள்ளேயே கிடைத்தமையால், வந்தவர்களிற் பலர் ஊர்க் கடைகளை நாடவில்லை. வெளியேயிருந்த உணவுச்சாலைகள் பல மூடுண்டன, வறுமையும் நீங்கவில்லை. பின்னர் அயல் மாநிலங்களும் கசினோக்களைத் திறந்தன. 2014ஆம் ஆண்டில் மாத்திரம் அங்கிருந்த 12 கசினோக்களில் 4 மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர்.

காரணம் யாது? உழவன் நெல்லை விளைவிக்கிறான். நெசவாளன் துணியை நெய்கிறான். சூதோ பலரின் மடியிலுள்ளதைச் சிலரின் பெட்டிக்கு மாற்றுகிறது, அவ்வளவே. தோற்றவன் வீட்டில் அடுப்பெரியாமை எந்த வரிக்கணக்கிலும் வராது.

ஆதலின் இளைஞர்களே, கசினோவின் வருமானம் இவ்வளவென்று எவரேனும் சொல்லும்போது, அது எவர் வீட்டிலிருந்து வந்ததென்று நாம் கேட்போமாக.