அச்சம் வேறு, நோய் வேறு
(தோட்டப்புற மக்களுக்கு ஆற்றிய உரை)



நம் தோட்டங்களிலிருந்து, சிறப்பாக ஜொகூர் மாநிலத்துத் தோட்டங்களிலிருந்து, பிழைப்பை நாடிச் சிங்கப்பூர் சென்று வரும் இளைஞர்கள் பலர். விடுமுறை நாளில் அவர்கள் நண்பர்களைச் சந்திக்கும் இடங்களுள் டோபி காட் ஒன்று. முற்காலத்தில் நம் நாட்டவரான சலவைத் தொழிலாளர்கள் பிராஸ் பாசா ஓடையில் துணி வெளுத்து, பக்கத்துத் திடலில் உலர்த்தியதனால் ஏற்பட்ட பெயர் அது. இன்று அங்கே மூன்று இரயில் தடங்கள் கூடுகின்றன. அடுத்த நிலையமே தேக்கா.

குடும்பத்தைப் பிரிந்து அந்நகரில் வாழும் ஓர் இளைஞன், ஒரு நாள் முன்பின் அறியாத ஒருவருடன் உடலுறவு கொண்டு விடுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் விடியும்போதே அச்சமும் விடிந்து விடுகின்றது. கிருமிநாசினியை ஊற்றி மும்முறை குளிக்கின்றான். உணவு இறங்கவில்லை, உறக்கம் வரவில்லை. நாக்கைக் கண்ணாடியில் பார்க்கின்றான். கழுத்தில் நெறி கட்டியிருக்கின்றதா என்று தடவிப் பார்க்கின்றான். உடலில் ஒரு கொப்புளம் கண்டாலும் ‘எய்ட்ஸ்’ என்று நடுங்குகின்றான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? இத்தகைய இளைஞனுக்கும் அவன் குடும்பத்தாருக்கும் சில உண்மைகளை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

முதலாவதாக, துணியில் பட்ட கறையைத் துவைத்துப் போக்குவதுபோல் நோய்க்கிருமியைக் கழுவிப் போக்கிவிட இயலாது. கிருமிநாசினி மென்மையான தோலைப் புண்ணாக்குமேயன்றிப் பயன் தராது. அதே வேளையில், ஒருமுறை உறவு கொண்டதனாலேயே நோய் வந்துவிட்டது என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுடன் ஆணுறையின்றி ஒருமுறை உறவு கொள்ளும் ஆணுக்கு அக்கிருமி தொற்றும் வாய்ப்பு 10,000-இல் ஏறத்தாழ 4 என்றும், நோயுள்ள ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-இல் ஏறத்தாழ 8 என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். ஆசனவாய் வழி உறவை ஏற்பவருக்கு இது 138 ஆக உயர்கின்றது. புண்ணோ வேறு பால்வினை நோயோ இருப்பின் ஆபத்து மேலும் மிகும். இக்கணக்கு நடுங்குபவனுக்கு ஆறுதல்; ஆனால் துணிந்து திரிவதற்கு உரிமச் சீட்டு அன்று.

இரண்டாவதாக, நோய்க்கு ஒரு நாட்காட்டி உண்டு. அதனை அறிந்தவனுக்குப் பாதி அச்சம் தீரும்.

முதல் மூன்று நாள், அதாவது 72 மணி நேரம், மிக முக்கியமானது. ஆணுறை கிழிந்திருந்தாலோ, ஆணுறையின்றி உறவு நேர்ந்திருந்தாலோ, அதற்குள் மருத்துவரிடம் சென்று நடந்ததைக் கூற வேண்டும். தேவையென்று அவர் கருதினால், 28 நாள் உட்கொள்ளும் தடுப்பு மருந்தைத் தருவார். எவ்வளவு விரைந்து தொடங்குகின்றோமோ அவ்வளவு நன்று. 72 மணி நேரம் கடந்தபின் அம்மருந்து தரப்படுவதில்லை. வெட்கப்பட்டு வீட்டில் முடங்குபவன் இழப்பது இந்தப் பொன்னான நேரத்தையே.

அடுத்தது சோதனைக் காலம். உறவு கொண்ட மறுநாளே இரத்தம் சோதித்து, ‘கிருமி இல்லை’ என்று மகிழ்வதில் பொருளில்லை. கிருமி தொற்றியிருந்தாலும் சோதனையில் புலப்படச் சில வாரங்கள் ஆகும். நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்யும் இக்காலச் சோதனை 45 நாளில் நம்பத்தக்க முடிவைத் தரும். விரல் நுனி இரத்தத்தாலோ வாய்நீராலோ செய்யும் உடனடிச் சோதனைக்கு 90 நாள் கணக்கு. தடுப்பு மருந்து உட்கொண்டவர் மருத்துவர் குறிக்கும் நாளில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

எச்.ஐ.வி. ஒன்றையே எண்ணி மற்ற நோய்களை மறப்பதும் உண்டு. அவையே எளிதில் தொற்றுபவை. வெட்டை நோய் ஆண்களுக்குச் சில நாளிலேயே சிறுநீர் எரிச்சலையும் சீழையும் உண்டாக்கலாம். பெண்களிடம் பெரும்பாலும் அடையாளமே காட்டாது. கிரந்தி நோயின் புண் 10 நாள் முதல் 90 நாளுக்குள் தோன்றும், வலிக்காது, தானே ஆறியும் விடும். புண் ஆறியதேயன்றி நோய் ஆறவில்லை என்பதை நினைவில் வையுங்கள். இவ்விரண்டும் தக்க மருந்தினால் குணமாகக் கூடியவை. கிரந்திக்குப் பெனிசிலின் ஊசி 1940-களிலிருந்தே கைகண்ட மருந்து.

மூன்றாவதாக, எங்கே செல்வது? முன்பு டோபி காட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் மிடல் ரோடு மருத்துவமனை இருந்தது. போருக்குப் பிந்திய காலத்தில் பால்வினை நோய்களுக்குப் பெயர் பெற்றிருந்த அம்மருத்துவமனை 1988-இல் மூடப்பட்டது. அதன்பின் தேக்காவை அடுத்த கிளந்தான் லேனில் அரசாங்கப் பால்வினை நோய் மருந்தகம் அப்பணியை மேற்கொண்டது. சிங்கப்பூரில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1985-இல். நம் மலேசியாவில் 1986-இல். 1988-இல் அங்கே தோன்றிய ‘ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ்’ என்னும் தொண்டு அமைப்பு, 1990-களிலிருந்து பெயர் கேளாமல் எண் மட்டும் கொடுத்துச் சோதிக்கும் வசதியை நடத்தி வருகின்றது. வேலை அனுமதிச் சீட்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. சோதனையும் அடங்குவதனால், வேலை போய்விடுமோ என்று அஞ்சுவோர் பலர். பெயர் கேளாச் சோதனையின் அருமை இங்கேதான் விளங்கும். ஊர் திரும்பியவர்கள் நம் அரசாங்கச் சுகாதார நிலையத்தை நாடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சோதனை செலவின்றி நடக்கட்டும் என்று இரத்த வங்கிக்குச் சென்று இரத்த தானம் செய்யாதீர்கள். கிருமி புலப்படாத காலத்து இரத்தம், மருத்துவமனையில் கிடக்கும் ஒரு தாய்க்கோ குழந்தைக்கோ நஞ்சாகி விடும்.

நான்காவதாக, வீட்டில் காத்திருக்கும் மனைவியை நினையுங்கள். முடிவு தெரியும்வரை ஆணுறை அணியாமல் அவரை நெருங்காதீர்கள். நோய் உறுதியானால் அவரும் சோதனை செய்துகொள்ள வேண்டும். கருவுற்ற தாய்மார்கள் சுகாதார நிலையத்தில் செய்யப்படும் இரத்தச் சோதனையைத் தட்டிக் கழிக்கலாகாது. இச்சோதனையும் சிகிச்சையும் பரவியதன் பயனாக, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் கிரந்தியும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது.

இறுதியாக, மனத்தைப் பற்றி ஒரு சொல். உரிய நாளில் சோதித்து, ‘இல்லை’ என்று முடிவு வந்தபின்னும் நம்பாமல், மருந்தகம் மருந்தகமாக அலைபவர்கள் உள்ளனர். அவர்களை வாட்டுவது கிருமி அன்று, குற்றவுணர்வு. அதனைத் தீர்க்கும் இரத்தச் சோதனை எதுவும் இல்லை. செய்தது பிழையென்று மனம் உறுத்தினால் நடத்தையைத் திருத்திக்கொள்ளலாம். நம்பிக்கையான ஒருவரிடம் மனம் திறக்கலாம். உறக்கமின்மை நீடித்தால் அதனையும் மருத்துவரிடம் கூறலாம். பாவத்திற்குத் தண்டனையாக நோய் வந்தே தீரும் என்று எண்ணிக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. கிருமிக்கு நல்லவர் தீயவர் தெரியாது.

ஒருவேளை ‘உண்டு’ என்று வந்தாலும் அது முடிவன்று. 1998-இல் பேடி சியூ என்பவர் தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகக் கூறிய முதல் சிங்கப்பூரர் ஆனார். மறு ஆண்டே அவர் மறைந்தார். அன்றைக்கும் இன்றைக்கும் இடையே மருத்துவம் நெடுந்தொலைவு வந்துள்ளது. இன்று நாள்தோறும் மருந்து உட்கொள்பவர் நீண்ட காலம் வாழ்கின்றார். இரத்தத்தில் கிருமி அளவிட முடியாதவாறு குறைந்து, அந்நிலை நீடிக்குமானால், உடலுறவின் மூலம் அவரிடமிருந்து பிறருக்கு அது பரவுவதும் இல்லை. நம் அரசாங்க மருத்துவமனைகள் குடிமக்களுக்கு இம்மருந்தை வழங்குகின்றன.

ஆகவே, அன்பர்களே! தோட்டத்துப் பிள்ளை ஒருவன் வாடிய முகத்துடன் வந்து நின்றால், ‘எங்கே போனாய்?’ என்று அதட்டுவதற்கு முன், ‘எத்தனை நாள் ஆயிற்று?’ என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அவனை உரிய நேரத்தில் மருத்துவரிடம் கொண்டு சேர்க்கும்.