லேத்துப் பட்டறைத் தொழிலாளி மறியலுக்கு நாம் ஏன் போகணும்?
(கிளைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



கோவையில் லேத்து, மில்லிங், டிரில்லிங் மெஷின் ஓட்டுகிற இஞ்சினியரிங் தொழிலாளர்களின் சங்கம், புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து மறியல் செய்யப் போகிறது. நம்ம சங்கமும் அதில் கலந்துகொள்வது என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டோம். போட்ட அன்றைக்கே நாலு பேர் என்னிடம் வந்துட்டாங்க. "ஏனுங்க செயலாளரே, அவங்க சம்பளக்காரங்க. தேங்காய் விலை இறங்கி நாம ரோட்டுல நின்னப்போ அவங்க வந்தாங்களா? மறியல்னு மோட்டார் வேலை நின்னா நம்ம பயிர்தானே காயும்?" என்று கேட்டாங்க. கேட்டது நியாயம். அதற்குப் பதில் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

சம்பளக்காரன் என்கிறோம். என்ன சம்பளம்? சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலி. ஆர்டர் இருந்தால் ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓவர்டைம், ஆர்டர் இல்லையென்றால் "நாளைக்கு வர வேண்டாம்". மழை பெய்தால் வேலை, பெய்யாவிட்டால் வேலை இல்லை என்று நாம் இருப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியலை. அந்தத் தொழிலாளி யார் என்றும் பாருங்க. ரெண்டு ஏக்கராவில் பிழைக்க முடியாமல் ஐ.டி.ஐ. படிக்க வைத்து நாம் அனுப்பிய பையன்தான். இந்தக் கூட்டத்திலேயே எத்தனை வீட்டுப் பையன் காலையில் டிபன் பாக்ஸோட கணபதி பஸ் ஏறுகிறான் என்று கையைத் தூக்கச் சொன்னால் பாதிக் கை மேலே வரும்.

நம்ம போரில் 800 அடி, 1000 அடிக்குக் கீழே தொங்குதே சப்மெர்சிபிள் மோட்டார், அது ஒரே கம்பெனிப் பேரில் வந்தாலும் ஒரே கம்பெனி செய்தது கிடையாது. இம்பெல்லர் ஒரு பவுண்டரியில் வார்த்தது. ஷாஃப்ட் ஆவாரம்பாளையத்திலோ சின்னவேடம்பட்டியிலோ ஒரு தகர ஷெட்டில் கடைந்தது. புஷ் இன்னொரு பட்டறை. எல்லாம் ஜாப் ஒர்க். ஷாஃப்ட்டைக் கடைகிறவன் கை ஒரு மயிரிழை பிசகினால் புஷ் தேய்ந்து, மோட்டார் ஜாம் ஆகி, மறுபடி கிரேன் வைத்துப் பைப்பை மேலே இழுக்கிற செலவு நம்ம தலையில். பன்னிரண்டு மணி நேரம் நின்று கண்ணு சொருகுகிறவன் கையால் நல்ல ஷாஃப்ட் வருமா?

அந்தச் சங்கத்துக்காரங்க வருஷம் முழுக்க என்ன செய்யறாங்க என்பது நமக்குத் தெரிவதில்லை. கொடி பிடிக்கிற அன்றைக்கு மட்டும்தான் கண்ணில் படுகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் அலைவது ஈ.எஸ்.ஐ.க்காக. பத்துப் பேர் வேலை செய்தால் ஈ.எஸ்.ஐ. கட்டணும். தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 75 காசு, முதலாளி மூணேகால் ரூபாய். இதைத் தவிர்க்க, ஒரே ஷெட்டை நடுவில் தகரம் அடித்து ரெண்டாக்கி, ரெண்டு பேரில் போர்டு மாட்டி, ஆளுக்கு எட்டுப் பேர் என்று கணக்குக் காட்டுகிற இடமும் உண்டு. நம்ம பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தனுக்கு பவர் பிரஸ்ஸில் ரெண்டு விரல் போச்சு. ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டி, கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஈ.எஸ்.ஐ. இருந்திருந்தால் வேலைக்குப் போக முடியாத நாளுக்கெல்லாம் சம்பளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வந்திருக்கும். மெடிக்கல் போர்டு ஊனத்தைக் கணக்குப் போட்டு, போன விரலுக்கு ஆயுசுக்கும் மாதா மாதம் பணம் தந்திருக்கும். அவனுக்காக நஷ்டஈட்டு மனு போட்டு நடந்துகொண்டிருப்பது அந்தச் சங்கம்தான். அவன் சந்தாகூடக் கட்டாதவன்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க.

2020 செப்டம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. 20-ஆம் தேதி மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களைக் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேற்றினார்கள். அதே வாரம் 22, 23 தேதிகளில், எதிர்க்கட்சிகள் சபையைப் புறக்கணித்து வெளியே இருந்த நேரத்தில், தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மூன்றையும் முடித்துவிட்டார்கள். 2019-ல் வந்த ஊதியத் தொகுப்போடு சேர்த்து நாலு. பழைய 29 சட்டங்களைச் சுருட்டி நாலாக்கினார்கள். நமக்கு வெட்டிய குழியையும் அவர்களுக்கு வெட்டிய குழியையும் ஒரே வாரத்தில், ஒரே மண்வெட்டியால்தான் வெட்டினார்கள்.

2020 நவம்பர் 26-ல் பஞ்சாப், அரியானா விவசாயிகள் டெல்லியை நோக்கிக் கிளம்பினார்களே, அன்றைக்கு மத்தியத் தொழிற்சங்கங்களின் அகில இந்திய வேலைநிறுத்தமும் நடந்தது. சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் குளிரிலும் வெயிலிலும் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தோம். 700-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் விட்டதாக விவசாய சங்கங்கள் கணக்குச் சொல்கின்றன. 2021 நவம்பரில் மூன்று சட்டமும் வாபஸ். நம்ம குழி மூடியாச்சு. அவர்களுடைய குழி திறந்தே கிடந்தது. 2025 நவம்பர் 21-ல் நாலு தொகுப்பையும் அமலுக்குக் கொண்டுவந்துட்டாங்க.

அதில் என்ன இருக்கு? பழைய சட்டப்படி கரண்டில் மெஷின் ஓடுகிற இடத்தில் பத்துப் பேர் இருந்தால் அது தொழிற்சாலை. இப்போது இருபது பேர் வேணும். பதினைந்து பேர் வேலை செய்கிற லேத்துப் பட்டறை தொழிற்சாலைக் கணக்கிலிருந்தே வெளியே போய்விடுகிறது. முன்பு 100 பேர் இருக்கிற ஆலையை மூடவோ ஆளைக் குறைக்கவோ அரசாங்க அனுமதி வேணும். இப்போது 300 பேர் இருந்தால்தான். வேலைநிறுத்தம் செய்ய எந்த ஆலையானாலும் 14 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்கணும். பாதிப் பேர் ஒரே நாளில் பேசிவைத்துக்கொண்டு லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்குதான். சட்டவிரோதம் என்று ஆகிவிட்டால் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லாவிட்டால் ஒரு மாதம் வரை ஜெயில், ரெண்டும்கூட உண்டு. தூண்டிவிட்டவருக்கு அபராதம் 50,000 வரை. சங்கச் செயலாளர் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். கூட்டம் போட்டு "வாங்க" என்று கூப்பிடுவதுதான். அதற்குப் பேர் இனிமேல் தூண்டுதல்.

எதிர்த்தால் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2023 ஏப்ரலில் நம்ம மாநிலச் சட்டசபையிலேயே 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கிற மசோதாவை நிறைவேற்றினார்கள். எல்லாத் தொழிற்சங்கமும் எதிர்த்து நின்றது. மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சரே அறிவித்தார். பத்தே நாள்! எந்தக் கட்சி ஆட்சி என்பதல்ல, கேட்பதற்கு ஆள் இருக்கா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

சின்னப் பட்டறை முதலாளியை எதிரியாக நினைத்து நாம் போகவில்லை. பாதிப் பேர் நேற்று வரைக்கும் தொழிலாளி, இன்றைக்கும் அவரே மெஷினில் நிற்கிறார். பெரிய கம்பெனி ஜாப் ஒர்க் கூலியை ஏற்றித் தராது, இரும்பு விலையும் கரண்ட் கட்டணமும் மட்டும் ஏறும். 2022 ஜூலையில் பம்புக்கு ஜி.எஸ்.டி.யை 12-லிருந்து 18 ஆக்கினார்களே, அந்தப் பணம் யார் பையிலிருந்து போச்சு? நம்ம பையிலிருந்து. கடைந்தவனுக்கு அதில் ஒரு பைசா வந்ததா? ஜாப் ஒர்க் கூலியை உயர்த்து என்று தொழிலாளர் சங்கம் கேட்கிறதென்றால் அது பட்டறைக்காரருக்கும் சேர்த்துத்தான்.

பைசா என்றதும் ஞாபகம் வருகிறது. யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்துத்தான் 1970-ல் பெருமாநல்லூரில் நம்ம ஆட்கள் மூன்று பேர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். 1984-ல் சிறு விவசாயிக்கும், 1990-ல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது. அது யாரும் சும்மா கொடுத்ததில்லை என்று நமக்குத் தெரியும். அவர்கள் கேட்கிற ஈ.எஸ்.ஐ.யும் எட்டு மணி நேரமும் அதே மாதிரிதான்.

தேங்காய் விலைக்கு அவர்கள் வந்தார்களா என்று கேட்டீங்க. கூப்பிட்டோமா? நாம் கூப்பிடவே இல்லை. இந்தத் தடவை அவர்கள் நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம்ம அடுத்த போராட்டத்துக்கு வருவதாகச் சொல்லியும் இருக்கிறார்கள். அதை எழுத்தில் வாங்கிச் சங்க ஃபைலில் வைத்திருக்கிறேன்.

மோட்டார் வேலை ஒரு நாள் நிற்கும், உண்மை. முந்தின நாளே தண்ணி பாய்ச்சி முடிச்சிருங்க. ரீவைண்டிங்குக்குக் கொடுத்தவர்கள் ரெண்டு நாள் முன்னாடியே போய் வாங்கிக்கோங்க. வேன் காலை ஏழு மணிக்குப் பால் சொசைட்டி முன்னாடி நிற்கும், ஆளுக்கு ஐம்பது ரூபாய். வருகிறவர்கள் பேரைக் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் கொடுங்க. தாய்மார்களுக்குத் தனி வேன் பேசியிருக்கு. மறியலில் கைது பண்ணினால் மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விடுவார்கள், மாட்டைக் கட்டவும் பால் கறக்கவும் வீட்டில் ஆளைச் சொல்லிவைத்துவிட்டு வாங்க. பச்சைத் துண்டை மறக்காதீங்க.