ஆனைமலைத் தேக்கும் ஹியூகோ வுட்டும்

ஹியூகோ வுட் வனத்துறை அதிகாரியாக ஆனைமலைக்கு வந்தபோது, அந்த மலையில் கோடாரி விழத் தொடங்கி 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் தேக்கு தேவைப்பட்டது. யானைகள் இழுத்து வந்த மரங்களை டாப்சிலிப் சரிவிலிருந்து கீழே சறுக்கி விட்டார்கள். அந்த யானைகளை நடத்திய மலசர் மக்களின் உழைப்பு ஆனைமலை வரலாற்றில் முதலில் எழுதப்பட வேண்டியது.

வெட்டிய இடத்தில் மறுபடி மரம் நிற்க வேண்டும் என்பதே வுட்டின் பிடிவாதம். அடிமரத்தைத் தோண்டி எடுக்காமல் கட்டையை நிலத்தில் விட்டுவிடச் செய்தார். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தேக்கை வெட்டினாலும் வேர் சாவதில்லை. தரையை ஒட்டி, மழைநீர் தேங்காதபடி வழவழப்பாகச் சரித்து வெட்டினால், கட்டையைச் சுற்றித் துளிர்கள் கிளம்பும். வலுவான ஒன்றை நிறுத்தி மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். கரும்புக்கு மறுதாம்பு விடுவது போன்றதுதான் இதுவும். பழைய வேர் ஆழத்தில் தயாராக இருப்பதால், விதைக்கன்றைவிட இந்தத் துளிர் முதல் சில ஆண்டுகளில் மளமளவென்று உயரும்.

கட்டை இல்லாத வெற்றிடங்களுக்கு விதைதான் வழி. தேக்கு விதையின் ஓடு கடினமானது; மாறி மாறி நனைத்துக் காயவைத்தாலும் எல்லாம் ஒருசேர முளைக்காது. முளைத்த கன்றும் நிழலில் தேறாது, திறந்த வெயில் வேண்டும். வுட் சட்டைப் பையில் விதையோடு நடப்பார், கைத்தடியால் குத்திய குழியில் ஒவ்வொன்றாகப் போடுவார் என்று ஆனைமலையில் இன்றும் சொல்கிறார்கள்.

ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் வாழ்ந்து 1933இல் மறைந்தார். அவர் விரும்பியபடியே டாப்சிலிப்பில் தேக்குகளுக்கு நடுவே அடக்கம் செய்தார்கள்.

அந்தக் காலத்துக் காட்டியலுக்கு மர வருவாயே அளவுகோல். அதனால் வந்த குறையையும் சொல்லியாக வேண்டும். தேக்கு மட்டுமே நிற்கும் இடத்தில் கோடையில் இலை முழுக்க உதிர்ந்து தரை வெயிலில் காய்கிறது; அகலமான சருகு எளிதில் தீப்பிடிக்கிறது; பறவைக்கும் குரங்குக்கும் அத்தி, நாவல் போன்ற பழமரங்கள் அங்கே குறைவு. ஆனைமலை 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மர விளைச்சலுக்காக வளர்த்த தேக்கு நிலத்தில் பலவகை மரங்களை மீட்பதுதான் இப்போது காட்டியலாளர் முன்னுள்ள வேலை.