அங்கயற்கண்ணி என்னும் பெயர்

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மதுரையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் மீனாட்சி, மீனாள், கயற்கண்ணி என்னும் பெயர்கள் வழங்காத தெருவைக் காண்டல் அரிது. ஆயினும் அவற்றின் பொருளை வினவின், ‘அம்மன் பெயர்’ என்பதற்குமேல் விடை கூறுவார் சிலரே. ஆதலின் அதனை ஆராயப் புகுந்தோம்.

அம், கயல், கண்ணி என்பன புணர்ந்து அங்கயற்கண்ணி என்றாயின. அம் என்பது அழகு. கயல் என்பது கெண்டைமீன். ஈற்றிலுள்ள இகரம் பெண்பால் விகுதி. அழகிய கயல்போலும் கண்களை உடையவள் என்பது பொருள். மீனாக்ஷி என்னும் வடமொழிப் பெயரும் மீன்போலும் கண்ணினள் என்றே பொருள்படும். பக்ஷி என்பது பட்சி ஆனாற்போல, அது தமிழர் நாவில் மீனாட்சி ஆயிற்று. வடமொழியிலுள்ள ‘மீன’ என்னும் சொல்லே திராவிட மொழியினின்று சென்றதென்பர் மொழிநூலார் பலர். மீன்கொடியின் ஆட்சி எனச் சிலர் பிரித்துரைப்பது நயமேயன்றிச் சொல்லிலக்கணம் அன்று. கி.பி. 7-ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் தம் ஆலவாய்ப் பதிகத்தில் அம்மையை அங்கயற்கண்ணி என்றே குறித்தலின், இத்தமிழ்ப் பெயரின் பழமை விளங்கும்.

மீனை உவமித்தது கண்ணின் வடிவு பற்றி மட்டும் அன்று. மீன் கண்ணை மூடுவதில்லை. அது பார்வையாலேயே தன் முட்டைகளைப் பொரிக்கும் என்பது முன்னோர் கொள்கை. இக்கால உயிர்நூல் இதனை ஒப்பாதாயினும், இமையாது காக்கும் தாய் என்னும் கருத்து அதனாற் புலப்படும்.

இனி, இப்பெயருடையாளின் வரலாற்றை நோக்குவோம். மலயத்துவச பாண்டியன் மகப்பேறு வேண்டி வேள்வி செய்ய, மூன்று வயதுப் பெண்மகவு தோன்றிற்று. தடாதகை எனப் பெயரிடப்பெற்றது. மன்னன், ‘ஆணாகப் பிறந்திலதே’ என்று வருந்தினான். மைந்தற்குரியனவெல்லாம் மகட்கே செய்க என்று அசரீரி பணித்ததெனத் திருவிளையாடற் புராணம் கூறும். அவ்வாறே கலைகளும் படைக்கலப் பயிற்சியும் கற்பித்து முடிசூட்டினர். அவள் பாண்டிநாட்டை ஆண்டாள். சித்திரைத் திருவிழாவில் அம்மைக்கு ஆண்டுதோறும் முடிசூட்டிச் செங்கோல் அளிப்பதைக் காண நாம் பெருந்திரளாகக் கூடுகின்றோம் அன்றோ?

அங்ஙனம் கூடும் நாமே, அப்பெயரிட்ட மகளைப் பூப்பெய்தியவுடன் பள்ளியினின்று நிறுத்தி, அவள் தம்பியை மட்டும் மேலே படிக்க அனுப்புதல் தகுமா? வகுப்பில் அம்மகளிர் இருந்த இடம் வெறிதாய்க் கிடத்தலைக் கண்டு நாம் வருந்தியதுண்டு. செலவுக்கு அஞ்சி நிறுத்தினோம் என்பர் பெற்றோர். அச்செலவு தம்பிக்கு மட்டும் எங்ஙனம் கிடைத்தது?

சகோதரர்களே! மகட்குப் பெயரிடுதல் ஒருநாட் செயல். அப்பெயர்க்குரிய வாழ்வை அளித்தல் பல்லாண்டுக் கடமை. அரசியின் பெயரை இட்ட நீவிர் அவள் பெற்ற கல்வியையும் உங்கள் மகளிர்க்கு அளிப்பீராக!