தாளம் தவறாத குழுவினர்



2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் இலண்டன் மாநகரில் சார்ளி வாட்ஸ் என்னும் முரசுக் கலைஞர் தமது 80ஆம் வயதில் காலமானார். ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்னும் ராக் இசைக்குழுவின் தாளத்தை 1963ஆம் ஆண்டு முதல் தாங்கி நின்றவர் அவர். பதின்மூன்று நாள்கள் கழிந்து, செப்டெம்பர் 6ஆம் நாள், நமது நாட்டின் ‘ஜிப்சீஸ்’ குழுவின் புகழ்பெற்ற பாடகர் சுனில் பெரேராவும் மறைந்தார். ஆயினும் இவ்விரு குழுக்களும் கலைந்துவிடவில்லை. சுனிலின் உடன்பிறந்தவரான பியல் பெரேரா ஜிப்சீஸ் குழுவை முன்னின்று நடத்தலானார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அதே செப்டெம்பர் 26ஆம் நாள் அமெரிக்க நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரில் மேடை ஏறினர். வாட்ஸ் இருந்த இடத்தில் ஸ்டீவ் ஜோர்டன் அமர்ந்து முரசொலித்தார்.

இத்தனை ஆண்டுகள் ஒரு குழுவைக் கட்டிக் காப்பது எது? புகழா? பொருளா? இவ்விரண்டும் இல்லாமலே தலைமுறை தலைமுறையாக நிலைத்து வரும் குழுக்கள் நம்மிடையே உண்டு. பண்டாரவளையிலிருந்து மலைப்பாதை வழியே பூனாகலைக்குச் சென்றால், அங்கும் ஊவாவின் ஏனைய தோட்டங்களிலும் லயந்தோறும் பழக்கமான ஒலி ஒன்று உண்டு. அதுதான் தப்பொலி. அதனை முழக்குவோரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

முற்காலத்தில் தோட்டத்தின் பொழுது தப்பொலியோடுதான் புலர்ந்தது. விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைப்பது வழக்கம். மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கிலக் கவிதை நூலும் அந்த விடியல் முழக்கத்தோடுதான் தொடங்குகின்றது. மணவீடு, மரணவீடு, கோயில் திருவிழா ஆகிய மூன்றிடத்தும் தப்புக்கு வேலை உண்டு. மூன்றுக்கும் அடி வேறு. கண்ணால் காணாமலே, தொலைவில் கேட்கும் அடியைக் கொண்டு, அங்கே நிகழ்வது மங்கலமா, இழவா என்று தோட்டத்து மக்கள் அறிந்துகொள்வர்.

இக்கலைஞரின் தொழில் ஒழுங்கைக் காண விரும்புவோர் மாசி மாதத்தில் காமன் கூத்தைக் காணல் வேண்டும். சிவனின் தவத்தைக் கலைக்கச் செல்லும் மன்மதன், தடுத்து நிற்கும் ரதி, நெற்றிக் கண்ணின் நெருப்பு, கணவனை இழந்தவளின் புலம்பல், பின்னர் அவன் உயிர்த்தெழுதல் என்று கதை விரிகின்றது. வேடம் புனைவோர் காப்புக் கட்டி விரதம் காப்பர். கூத்து மாஸ்டரின் சொல்லுக்கு அனைவரும் கட்டுப்படுவர். ஒவ்வொரு பாத்திரத்தின் வருகைக்கும் ஏற்பத் தப்பின் நடை மாறும். இரவு முழுதும் நடைபெறும் இக்கூத்தில் தப்பு தளர்ந்தால் ஆட்டமும் தளர்ந்துவிடும்.

ஊவா மலையின் பனியும் தூறலும் தப்புக்குப் பகை. ஈரம் பட்டால் தோல் தொய்ந்து ஒலி மங்கும். ஆகவே, பக்கத்தில் நெருப்பு மூட்டி, தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மறுபடியும் காய்ச்சுவர். மிகுதியாகக் காய்ந்தால் தோல் கிழியும்; குறைந்தால் ஒலி எழாது. ஒலிபெருக்கியைச் சோதிக்கும் பெரிய இசைக்குழுவின் கவனத்துக்கு இது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. இவர்கள் பகலில் மலையேறி உழைப்போர் என்பதையும், இரவெல்லாம் முழக்கிய பின்னரும் வேலைநாளாயின் காலையில் பிரட்டுக்கு நிற்க வேண்டியவர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இக்குழுக்களுக்கு நேர்ந்த சோதனைகளோ பல. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென வகுத்தது. அதன்படி குடும்பங்கள் பிரிந்து, தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரம் சென்றன. அண்ணன் அக்கரையில், தம்பி இக்கரையில் என்று ஆன பின் ஒரு கூத்துக் குழு எவ்வாறு முழுமையாக இருக்கும்? இயற்கையும் இரக்கம் காட்டவில்லை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிற்று. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் பூனாகலைக் கபரகலையிலும் மலை சரிந்து, குடும்பங்கள் வீடிழந்தன.

இத்தனைக்குப் பின்னரும் மலையகத்தில் தப்பு ஓயவில்லை. ஏனெனில், ஒருவரின் கலை மற்றொருவரின் கையிலும் தங்கியிருந்தது. பெரியவர் அடிக்கும்போது அருகில் நின்று நெருப்பைக் காத்த சிறுவன் அந்த அடியைக் காதால் கற்றான். ஏடும் இல்லை, பள்ளியும் இல்லை. இடம் வெறுமையானபோது அவன் குச்சியைக் கையில் எடுத்தான். செயின்ட் லூயிஸ் மேடையில் நிகழ்ந்ததும் இதுவே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அது நமக்குப் பெருமை தருவதன்று. அங்கே முரசறைபவரை உலகம் கொண்டாடுகின்றது. இங்கே தப்படிப்போரை ஒரு சாதியின் பெயரால் ஒதுக்கி வைத்தோம். வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். கூலியைக் கேட்டால் பேரம் பேசினோம். இந்த இழிவைச் சுமக்க விரும்பாத இளைஞர் தப்பைக் கீழே வைத்தால் அவர்மீது குற்றம் இல்லை. வெள்ளமும் கப்பலும் செய்ய இயலாததை நமது அவமதிப்பு செய்துவிடக்கூடும்.

ஆகவே, கலை அழிகின்றதே என்று வருந்துவதோடு நாம் நின்றுவிடலாகாது. தப்புக் குழுவை அழைக்கும்போது ஊதியத்தை முன்னரே பேசி, குறைவின்றிக் கொடுப்போம். ஏனைய விருந்தினரோடு ஒரே பந்தியில் அவர்களையும் அமர்த்துவோம். தப்பைக் கற்க விரும்பும் பிள்ளை எக்குலத்தினராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், கற்பதற்கு இடம் கொடுப்போம். தமிழகத்திலும் மலையகத்திலும் பறையையும் தப்பையும் பெருமிதத்தோடு கையில் ஏந்தும் இளைய தலைமுறை ஒன்று எழுந்துள்ளமை நம்பிக்கை தருகின்றது.

கலைஞன் தன் கடமையில் தவறவில்லை. கேட்போராகிய நாமும் நமது கடமையில் தவறாதிருப்போமாக.