இரவல் நூலும் மாதச் சந்தாவும்

புத்தகத்தை விலைக்கு வாங்கி வாசிப்போர் சிலர். இரவல் பெற்று வாசிப்போர் பலர். இவ்விரு சாராருக்கும் நடுவே மூன்றாவது சாரார் ஒருவரும் நெடுங்காலமாக இருந்து வருகின்றனர். அவர்கள் காசு கொடுப்பர். ஆனால் புத்தகம் அவர்களுக்குச் சொந்தமாவதில்லை. குறித்ததொரு காலத்துக்கு வாசிக்கும் உரிமை ஒன்றையே அவர்கள் வாங்குகின்றனர்.

இலண்டன் மாநகரில் 1842ஆம் ஆண்டில் சார்ள்ஸ் எட்வர்ட் மூடி என்பவர் இரவல் நூல் நிலையம் ஒன்றை நடத்தத் தொடங்கினார். ஆண்டுச் சந்தா ஒரு கினி, அதாவது இருபத்தொரு சிலிங். ஒரு வேளைக்கு ஒரு பாகம் எடுத்துச் செல்லலாம். அக்காலத்தில் நாவல்கள் மூன்று பாகங்களாகவே வெளிவந்தன. ஒரு நாவலின் முழு விலை முப்பத்தொரு சிலிங் ஆறு பென்ஸ். ஒரே ஒரு நாவலை வாங்கும் காசுக்கு ஒன்றரை ஆண்டு முழுவதும் வாசிக்கலாம் என்றால், நடுத்தரக் குடும்பங்கள் மூடியின் வாயிலில் கூடியதில் வியப்பென்ன? சென்னையிலும் மாதச் சந்தாவுக்குக் கதைப்புத்தகம் கொடுக்கும் வாடகை நூல் நிலையங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன.

அந்தப் பழைய ஏற்பாடே இன்று மின்னூல் வடிவில் திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒய்ஸ்டர், ஸ்கிறிப்ட் என்னும் இரு நிறுவனங்கள் 2013ஆம் ஆண்டில் இதைத் தொடங்கின. அமேசன் நிறுவனம் 2014ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கிண்டில் அன்லிமிடெட் என்ற பெயரில் மாதம் 9.99 டொலருக்கு இச்சேவையை அமெரிக்காவில் திறந்தது. மறு ஆண்டு செப்ரெம்பரில் 199 ரூபாய்க்கு இந்தியாவிலும் திறந்தது. கிண்டிலில் தமிழ் நூல்கள் முறையாக விற்பனைக்கு வந்தது 2016ஆம் ஆண்டு டிசெம்பரில். கையில் ஒரு தொலைபேசி இருந்தால் போதும்; அலுமாரி வேண்டா, கறையானுக்கும் உப்புக்காற்றுக்கும் அஞ்ச வேண்டா.

அந்த உப்புக்காற்று மன்னார்த் தீவினர் நன்கறிந்தது. தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதப் பாதையில், மன்னார் நகரைக் கடந்ததும் வருவது தோட்டவெளி. அவ்வூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். ஓய்வூதியமே வருவாய். வீட்டில் உயர்தரம் படிக்கும் பேத்தி. ஒரு கண்ணில் புரை அகற்றப்பட்டுவிட்டது. மற்றக் கண் முறை பார்த்திருக்கிறது. அச்செழுத்து எறும்புச் சாரைபோல் ஓடுகிறது. வெளிநாட்டிலிருக்கும் மகன் தொலைபேசியில், “அப்பா, மாசம் பன்னிரண்டு டொலர்தான். நான் கட்டிவிடுகிறேன், நீங்கள் விரும்பினதை வாசியுங்கோ” என்கிறான். ஆசிரியருக்கோ மகன் காசானாலும் வீணாய்ப் போகக்கூடாது என்ற எண்ணம். இச்சந்தா அந்த வீட்டுக்குத் தகுமா, தகாதா?

முதலிற் கணக்கைப் பார்ப்பதே முறை. அமெரிக்காவில் இச்சந்தா 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் 11.99 டொலராக உயர்த்தப்பட்டது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாய் வரை சென்றது. பின்னர் இறங்கி 300 ரூபாய் அளவில் நின்றது. சந்தாவின் விலை டொலரிற் கட்டப்பட்டிருப்பதனால், கொழும்பில் நாணயம் சரியும்போதெல்லாம் தோட்டவெளியில் வாசிப்பின் விலை ஏறும். 300 ரூபாய் வீதம் பார்த்தாலும் மாதம் 3,600 ரூபாய். ஆண்டுக்கு 43,000 ரூபாய்க்கு மேல்.

இத்தொகை அதிகமா, குறைவா என்பது தொகையைப் பார்த்துச் சொல்லத்தக்கதன்று. மாதம் இரண்டு நூல் வாசிப்பவருக்கு ஒரு நூல் 1,800 ரூபாய்; பத்து நூல் வாசிப்பவருக்கு 360 ரூபாய். இந்தியாவில் 300 ரூபாய் விலையிட்ட ஒரு நாவல், நாணய மாற்றினால் மட்டுமே இங்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது; கப்பற் கூலியும் கடைக்காரர் இலாபமும் அதற்கு மேல். ஆகவே மாதத்தில் நான்கு நூல்களையேனும் முடிப்பவருக்கு இது நட்டமில்லை என்று கொள்ளலாம். முடிப்பவர் என்பதே இங்கு முக்கியம். பத்து நூலைத் திறந்து, பத்திலும் பத்துப் பக்கம் வாசித்து மூடுவோர் இக்கணக்கில் சேரார். தாம் மாதத்தில் எத்தனை நூலை உண்மையில் முடிக்கின்றார் என்று குறித்து வைத்திருப்பவர் மிகச் சிலரே. எல்லோரும் தம் வாசிப்பை மிகைப்படுத்தியே நினைக்கின்றனர். சந்தா வாங்கும் நிறுவனங்கள் அதை நன்கறியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இத்தகைய சேவைகள் நாட்டுக்கு நாடு வேறு வேறாக விற்கப்படுகின்றன. இந்தியாவிற் கிடைக்கும் விலை இந்தியக் கணக்குக்கு உரியது. மகன் இருக்கும் நாட்டிற் கிடைக்கும் அட்டவணை அந்நாட்டுக் கணக்குக்கு உரியது. மகனுடைய கணக்கில் தந்தை வாசிப்பது இயலுமா, உள்நாட்டு வங்கி அட்டை ஏற்றுக்கொள்ளப்படுமா என்பவற்றைக் காசு கட்டுமுன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

அடுத்தது, அலுமாரியில் என்ன இருக்கிறது என்பது. வரம்பில்லை என்று பெயர் வைத்துவிட்டதனால் எல்லா நூலும் உள்ளே இருப்பதாகக் கொள்வது பிழை. ஆங்கிலத்தின் பெரும்பதிப்பகங்கள் தம் புதிய நூல்களை இச்சேவைக்குப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. ஒரு வேளையில் இருபது நூல்களையே கையில் வைத்திருக்கலாம். இருபத்தோராவது வேண்டுமாயின் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தமிழில் வெகுசனத் தொடர்கதைகளும் தாமே வெளியிட்டோரின் நூல்களும் ஏராளம். அவற்றுள் நல்லனவும் உண்டு. ஒருவர் கையெழுத்துப் பிரதியை மறுமுறை பாராமலே ஏற்றிவிட்டவையும் உண்டு. எழுதியவருக்கு 2015ஆம் ஆண்டு யூலை முதல், வாசிக்கப்பட்ட பக்கத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஊதியம் அளிக்கப்படுகிறது. அமெரிக்கச் சந்தையிலேயே அது ஒரு பக்கத்துக்கு அரைச் சதத்துக்கும் குறைவு. பக்கத்துக்குக் கூலி என்றால் பக்கம் பெருகும். மூடியின் காலத்தில் நாவல்கள் மூன்று பாகமாக நீண்டதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. மூடி தமக்குத் தகாதெனப் பட்ட நூல்களைத் தம் அலுமாரியிற் சேர்க்கவில்லை. அதனால் ஆங்கில நாட்டின் வாசிப்பே ஒருவருடைய விருப்பின் வழிச் சென்றது என்று எழுத்தாளர் குறைப்பட்டனர். அலுமாரி எவருடையதோ தெரிவும் அவருடையதே.

ஆசிரியர் தேடுவது வேறு. 1960களில் வெளிவந்த ஈழத்துச் சிறுகதைகள், தொடக்க கால ‘மல்லிகை’ இதழ்கள், மன்னார்ப் பகுதியின் நாட்டுக்கூத்து நூல்கள் ஆகியன அவர் ஆசை. இவற்றைச் சந்தாச் சேவையிற் தேடுவது கடற்கரையில் நின்று நெல் தேடுவதை ஒக்கும். அவை இருக்குமிடம் நூலகம் என்னும் மின்னூலகம். 2005ஆம் ஆண்டில் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட அது, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பல்லாயிரக்கணக்கில் ஒளிவருடி வைத்திருக்கிறது, வாசிக்கக் காசில்லை. பழந்தமிழ் நூல்களுக்கு 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது, அதுவும் இலவசம். பாடசாலைப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. காசு கொடுத்து வாசிக்கத் தொடங்குமுன் காசின்றி எவ்வளவு கிடைக்கிறதெனப் பார்ப்பதற்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

ஆனால் விடயம் இத்துடன் தீரவில்லை. கண் குறுக்கே நிற்கிறது. நூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் பக்கத்தின் படங்கள். சிறிய திரையிற் படத்தைப் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடமும் வலமுமாக இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும். இளங்கண்களுக்கே அது தொல்லை. சந்தாச் சேவை தரும் மின்னூலோ எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரியைத் தானே மடித்துத் திரைக்குள் அடக்கிக்கொள்ளும். மதுரைத் திட்டத்து நூல்களும் எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை ஆதலின் அவ்வாறே பெரிதாகும். ஆக, ஆசிரியர் வாசிக்க விரும்பும் நூல் இலவசமாக இருக்கிறது, அவரால் வாசிக்க முடியவில்லை. வாசிக்க முடிந்தது காசுக்கு இருக்கிறது, அது அவர் முதல் விருப்பமன்று. பேத்தி மாலையில் அரைமணி நேரம் உரக்க வாசித்துக் காட்டலாமென்றால் அவளுக்குச் சோதனை வருகிறது. இந்த முடிச்சை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. கண் தெளிவில்லாத முதியவருக்கு, பெரிய எழுத்தில் தானே ஒரு நாவலை முடிக்கும் இன்பத்துக்கு என்ன விலை என்று கேட்டால், 3,600 ரூபாய் பெரிதாகத் தோன்றாமற் போகலாம்.

நிலைபேறு பற்றிய அச்சமும் பேசப்படுகிறது. ஒய்ஸ்டர் 2015இல் மூடுவதாக அறிவித்தது. மறு ஆண்டுத் தொடக்கத்தோடு மறைந்தது. ஸ்கிறிப்ட் 2016இல் தன் வரம்பின்மையைக் கைவிட்டு மாதம் மூன்று நூல் என்று வரையறுத்தது. விலை கொடுத்து வாங்கியவையுங்கூட எப்போதும் நிலைப்பதில்லை. 2009ஆம் ஆண்டு யூலையில் ஜோர்ஜ் ஓர்வெலின் இரு நாவல்கள், உரிமைச் சிக்கல் காரணமாக, வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழிக்கப்பட்டன. மைக்ரோசொவ்ற் 2019இல் தன் மின்னூற் கடையை மூடியபோது காசைத் திருப்பித் தந்து நூல்களை எடுத்துக்கொண்டது.

இத்தகைய அடைப்பைத் தமிழ் வாசகர் இதற்கு முன்னரும் கண்டதுண்டு. 1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நடந்த கப்பற் போக்குவரத்து 1964ஆம் ஆண்டு டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடியோடு அழிந்தது. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு வெகுசன இதழ்களின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியது. வழக்கமான கதைகள் வாராது போயின; அதே வேளையில் வீரகேசரிப் பிரசுரங்களும் உள்நாட்டு இதழ்களும் தழைத்தன என்பதையும் சொல்லல் வேண்டும். அச்சிட்ட நூல் மட்டும் அழியாததா? 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு வைக்கப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. இடப்பெயர்வின்போது கைவிட்டுச் சென்ற வீட்டு அலுமாரிகளுக்குக் கணக்கில்லை. ஆகவே அழியும் என்பதற்காக மின்னூலை ஒதுக்குவது நேர்மையாகாது. ஒன்று மட்டும் தெளிவு: சந்தா நூலை, இன்னொரு முறை வாசிக்க வேண்டும் என்று நினைக்கும் நூலாக எவரும் கருதலாகாது. பேத்திக்குக் கொடுத்துச் செல்ல விரும்பும் நூலை அச்சில் வாங்குதலே தகும்.

மன்னார் நகரப் பொது நூலகமும் சனசமூக நிலையத்து வாசிகசாலையும் கணக்கில் விடுபடுவது வழக்கம். அங்கே பத்திரிகை உண்டு, நாற்காலி உண்டு, பேச்சுத்துணையும் உண்டு. ஆனால் கண்ணும் காலும் ஒத்துழைக்கும் நாளிலேயே அவை பயன்படும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் தொடங்கிவிட்டால் முதியவர் படலையைத் தாண்டுவது அரிது.

இச்சேவைகள் பெரும்பாலும் முதல் முப்பது நாளை இலவசமாகத் தருகின்றன. முப்பத்தோராவது நாள் கேளாமலே காசை எடுத்துக்கொள்கின்றன. ஆசிரியர் அந்த முப்பது நாளில் ஓர் அப்பியாசக் கொப்பியை அருகில் வைத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இடப்பக்கத்தில் திறந்த நூல், வலப்பக்கத்தில் முடித்த நூல். மாத முடிவில் இடப்பக்கத்தில் பதினாறு, வலப்பக்கத்தில் ஆறு. ஆறில் நான்கு அவருக்குப் பிடித்தவை. பேத்தி முடித்தது ஒன்று. மாரிக்காலத்தில் இவ்வெண்ணிக்கை ஏறும். கோடையில் வாசிகசாலையும் வேப்பமர நிழலும் அதைக் குறைத்துவிடும். எனவே மகனிடம் அவர் கேட்பது ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை மூன்று மாதச் சந்தா மட்டுமே. அது 10,800 ரூபாய். ஆண்டுச் செலவில் மிஞ்சும் 32,000 ரூபாயில் பெரிய திரையுள்ள கருவி ஒன்றை வாங்கலாமா, அதில் நூலகத்தின் பக்கங்கள் இழுக்காமலே தெரியுமா என்பது பேத்தி விசாரித்துச் சொல்ல வேண்டியது. இலவச நாள் முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாக, சந்தாவை நிறுத்த வேண்டிய திகதியைச் சுற்றிச் சுவர்க் கலண்டரில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருக்கிறாள்.