வாயில் பழுதாயினும்



சென்ற ஆண்டு எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியர் ஒருவருக்குப் பிரியாவிடை நிகழ்த்தினோம். மறுமாதமே அவர் காலமானார். அவருடைய இறுதிப் படங்கள் பாடசாலைக் கமராவில் இருந்தன. கணினியுடன் அதனை இணைக்க முயன்றபோதோ, வடம் பொருத்தும் துளை உடைந்திருக்கக் கண்டோம். படங்கள் போயினவே என்று கலங்கினேன்.

மாணவி ஒருத்தி, "ஐயா, வாசல் உடைந்தால் வீட்டிலுள்ள பொருள் அழியுமா?" என்றாள்.

அவள் கமராவை நிறுத்தினாள். மின்கலம் வைக்கும் அறையின் மூடியைத் திறந்தாள். தபால் முத்திரை அளவான நினைவக அட்டையை மெல்ல அழுத்தி வெளியே எடுத்தாள். கணினி எதனையும் அழித்துவிடாதபடி அட்டையின் ஓரத்துச் சிறு பூட்டைத் தள்ளி வைத்தாள். பின்னர், அட்டை வாசிப்பான் என்னும் சிறு கருவியில் அதனைச் செருகிக் கணினியில் பொருத்தினாள். 'டி.சி.ஐ.எம்.' என்ற கோப்புறையில் படங்கள் யாவும் இருந்தன. உடனே இரு பிரதிகள் எடுத்தோம்.

நேயர்களே, இரண்டு எச்சரிக்கைகள். அட்டையைப் 'போர்மற்' செய்யவா என்று கணினி வினவினால், இசையாதீர்கள். படங்களைப் பிரதி செய்யுமுன் அவ்வட்டையில் புதுப்படம் எடுக்காதீர்கள். அட்டையின்றிக் கமராவின் உள்நினைவகத்தில் படம் எடுத்திருப்பின், வெற்றட்டை ஒன்றை இட்டுப் பாருங்கள். அதற்குப் பிரதி செய்யும் வசதி பல கமராக்களில் உண்டு.

அவ்வாசிரியரின் புன்முறுவல் இன்று எங்கள் மண்டபச் சுவரில் விளங்குகின்றது. பழுது கண்டதும் பதறாது, பொருள் எங்கே இருக்கின்றது என்று முதலிற் கேட்கப் பழகுவோமாக.